யாரோ எடுத்த மூச்சு

செல்வதாஸ் பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் செல்லமாகத் தட்டிக் காட்டினான். “அக்கா, கண்ண மூடிட்டு இத கொண்டு போங்க. பாட்டு தேனாட்டு ஒழுவும்.”

புதுக்கடையில் எட்டு வருடம் ஸ்டுடியோ நடத்தியவன் அவன். கடையை மூடிவிட்டுத் துபாய்க்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு நானும் என் வீட்டுக்காரர் ஆன்ட்ரூசும் குளச்சலிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தோம். எங்கள் வீட்டுப் பின்னறையில் ஸ்டுடியோ போட மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து, கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்தாயிற்று. பதிந்த பாட்டின் குறையைக் காட்டுகிற மானிட்டர் ஸ்பீக்கர்தான் பாக்கி. இந்த வருடத் திருவிழாப் பாட்டெல்லாம் எங்கள் வீட்டில்தான் பதிவாகும் என்று கோயில் கமிட்டியில் சொல்லிவிட்டேன். “மீன் விக்கிற வீட்டில ஸ்டுடியோவா?” என்று ஒருவர் சிரித்தார். ஆமாம், மீன் விற்கிற வீட்டில்தான். துறையில் ஏலத்துக்குக் கத்துகிற இதே தொண்டையால்தான் பத்து வருடமாகக் கோயிலில் பாடுகிறேன். சிரித்தவருடைய மகள் கல்யாணத்துக்கும் இந்தத் தொண்டைதான் பாடியது.

ஆன்ட்ரூஸ் பாட்டு எதுவும் போடாமல் சத்தத்தை முழுக்கக் கூட்டி, இரைச்சல் இருக்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தார். பெரியதில் இல்லை. மூலையில் சின்னதாக இன்னொரு ஜோடி, ஓரம் நசுங்கி, தூசி படிந்து கிடந்தது. அதிலும் இரைச்சல் இல்லை. இரண்டுக்கும் ஒரே விலைதான் சொன்னான். ஆன்ட்ரூசின் கண் பெரியதை விட்டு நகரவில்லை. கீபோர்டு வாசிக்கிறவர், அடிச்சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டும் அவருக்கு.

மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவாளா? பையிலிருந்து போன வருடத் திருவிழா சி.டி.யை எடுத்தேன். நான் பாடிய பாட்டு, எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரியும். அதைப் பதிந்து கொடுத்தவனே செல்வதாஸ்தான். சி.டி.யைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

பெரியதில் தேனாகத்தான் ஒழுகியது.

“சின்னதுல போடு” என்றேன்.

“அதுல ஒரு ருசியும் இருக்காதுக்கா.”

“போடுலே.”

ருசி இல்லைதான். பாட்டைத் தோலுரித்துப் போட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் சரணத்தின் உச்சி வரியை நான் ஒரே மூச்சில் பாடுவேன். அதில் எனக்கு அகங்காரம் உண்டு, மறைக்க மாட்டேன். அந்த வரியின் நடுவில் யாரோ மூச்சு எடுத்தார்கள்.

மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் அந்த மூச்சு. என் குரல் எங்கோ அடியில் கிடக்க, மேலே வேறொரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். இந்த சி.டி.யை நான் பாடியது என்று சொல்லிச் சொல்லி சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு எரிந்தது.

செல்வதாஸ் தரையைப் பார்த்தான். “கமிட்டில சொன்னாவக்கா. ஒங்க சத்தம் ஏலம் போடுதது மாதிரி இருக்குன்னு. அந்த ஒரு வரிதான்...”

“எனக்கிட்ட சொல்ல ஒனக்கு நாக்கு இல்லியோ?”

ஆன்ட்ரூஸ் என் தோளைத் தொட்டார். “ஏட்டி, வா போவோம்.”

“எங்க போவ? இந்தச் சின்னதத்தான் கொண்டு போறோம். நானே கள்ளம் செஞ்சாலும் இது காட்டிக் குடுக்கும்.”

செல்வதாஸ் சாக்கையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

“நில்லு. சாக்குல கெட்டுததுக்கு முன்ன அந்த வரிய நான் பாடணும். மைக்க போடு.”

மைக் இன்னும் கழற்றப்படாமல் நின்றது. அதன் முன்னால் போய் நின்றேன். செல்வதாஸ் உட்கார்ந்து பதிவைப் போட்டான். பழக்கதோஷத்தில் அவன் கை எதிரொலி கூட்டுகிற குமிழுக்குப் போனது.

“கைய எடு.”

எடுத்தான். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. வயிறு வரைக்கும் மூச்சை இழுத்தேன்.