ஒரு ‘ஆகவே’கூட விடாமல்

‘ஆகவே’ சார் பேசத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியும் சைகை மொழிபெயர்ப்பாளரின் கைகள் மடியைவிட்டு எழவில்லை. சாருக்குப் பக்கத்து நாற்காலியில் அவள். எதிரே முதல் வரிசையில் காது கேளாத மாணவி. என்ன சொல்றாரு என்று மாணவி புருவத்தை உயர்த்தினாள். “முன்ன சொன்னதையேதான்” என்று கையால் சொல்லிவிட்டு அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பாடத்தின் பெயர் தொழில்நுட்ப எழுத்து. ஒரு கருவியை எப்படி இயக்குவது, எப்படிக் கழற்றுவது என்று படிப்பவருக்குப் புரிகிற மாதிரி எழுதுவது. அதைச் சொல்லித்தர, நேராக ஒரு வாக்கியம் பேசத் தெரியாத ஆளைக் கல்லூரி எங்கிருந்தோ தேடிப் பிடித்திருந்தது. “சுருக்கமா சொல்லணும்னா” என்று ஆரம்பித்தாரென்றால் மணியடிக்கும்வரை முடிக்கமாட்டார். மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் ஒரு ‘ஆகவே’; மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான். இந்த வாயிலிருந்து கொட்டுகிற குப்பையையெல்லாம் கையால் அள்ளிப்போட வேண்டும் என்று தன் தலையில் எழுதியிருக்கிறதா என்ன? அவள் தேறுவதை மட்டும் பொறுக்கிக் கொடுத்தாள். அந்தச் சாமர்த்தியத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வகுப்பில் பேசுவதற்கென்று தனியாக மதிப்பெண் இருந்தது. மாணவியை ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஆகவே சார் அதை முழுசாகப் போட்டுவந்தார். துறைத்தலைவருக்கு ஒரே பூரிப்பு. ‘அனைவருக்குமான வகுப்பறை’ என்று கல்லூரி இதழில் படம் போட்டார். படத்தில் சார் முழுசாகத் தெரிந்தார், மாணவி தோள்பட்டை வரைக்கும் தெரிந்தாள். போன வாரம் மாணவி சாருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள்: ‘என்னையும் கேள்வி கேளுங்கள். தப்பாகச் சொன்னால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.’ அந்த வகுப்பில் அதுவரை எழுதப்பட்டதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

சார் ஒரு தாளை எடுத்தார். “திரையில போடமாட்டேன். காதால கேட்டுப் பழகுங்க” என்றார், மாணவியைப் பார்த்து அன்பாகச் சிரித்தபடி. தீயணைப்பு உருளையைப் பயன்படுத்தும் முறை. “தீ என்பது மனிதனின் நண்பன். ஆயினும் பகைவனாகவும் ஆகக்கூடும். ஆகவே கைப்பிடியானது அழுத்தப்படுதல் வேண்டும். குழாயானது தீயின் அடிப்பகுதியை நோக்கியதாக இருத்தல் நலம். மேற்படி அழுத்துதலுக்கு முன்னரே கைப்பிடியைப் பூட்டியுள்ள ஊசியானது அகற்றப்பட்டிருத்தல் அவசியம்…”

எப்போதும் பேசுகிற மாதிரிதான் இருந்தது. அவள் கைகளை எடுத்தாள். ஊசியை இழு. குழாயைத் தீயின் அடியில் நீட்டு. கைப்பிடியை அழுத்து. மூன்றே அசைவு. அவளுக்கே பிடித்திருந்தது.

சார் தாளை மடித்தார். “இதுல என்ன தப்பு இருக்கு? நீயே சொல்லும்மா.”

கேள்வியைச் சைகையில் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குறை கண்டுபிடிக்கவென்றே கொடுத்த உதாரணம் அது. அவள் திருத்திக் கொடுத்துவிட்டாள். அதற்குள் மாணவி ஆசையாக எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் குரலில் சொல்ல வேண்டியவளும் மொழிபெயர்ப்பாளர்தான்.

“தப்பே இல்ல சார். ரொம்பத் தெளிவா இருக்கு. அப்படியே சுவத்துல ஒட்டலாம்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

“சிரிக்காதீங்கப்பா, பாவம்” என்றார் சார். “பரவால்லம்மா, முழு மார்க் போட்டுடறேன்.”

தப்பு என்னுடையது என்று எழுந்து சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஊரையே சுருக்கத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. ‘பாவம்’ என்பதையாவது விழுங்கிவிடலாமா என்று பார்த்தாள். மாணவியின் கண் அவள் கையைவிட்டு நகரவில்லை. அதையும் சொன்னாள்.

வகுப்பு முடிந்ததும் மாணவி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். தாழ்வாரத்தில் வழியை மறித்து நின்றாள்.

“முதல்ல அழுத்துன்னுட்டு, ஊசியைக் கடைசியில சொல்லியிருக்கு. இது எனக்குத் தெரியாதா அக்கா?” மாணவியின் கைகள் படபடவென்று பேசின.

“அந்த ஆள் பேசறது மொத்தமும் குப்பை. உன் நேரம் வீணாகக்கூடாதுன்னுதான்…”

“குப்பைன்னா அதை நான் சொல்லிக்கறேன். முன்ன சொன்னதையேதான்னு நீங்க சொல்லச் சொல்ல, அவரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கற பொறுமைசாலின்னு நெனச்சுட்டிருக்கேன். நல்லா நடத்துறீங்கன்னு அவருக்கு எழுதிக்கூடக் கொடுத்தேன்!”

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மாணவியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

தெரிந்தவர்களுக்கெல்லாம் மாணவி சைகையில் ஒரு பெயர் வைத்திருந்தாள். இவளுக்கு, மச்சத்துக்காகக் கன்னத்தில் விரல் வைப்பது. இப்போது இரண்டு விரல்களைக் கத்தரிக்கோலாக நீட்டி, அவள் மூக்குக்கு நேரே ஒரு வெட்டு வெட்டினாள்.

“இனிமே இதான் உங்க பேர். அடுத்த வகுப்புலயும் வெட்டினா வேற ஆளைக் கேப்பேன்.”

அடுத்த வகுப்பில் ஆகவே சார் ‘சுருக்கம்’ என்ற தலைப்பை எடுத்தார். அவள் எல்லாவற்றையும் போட்டாள்: முன்னுரை, முன்னுரைக்கு ஒரு முன்னுரை, சாரின் மாமனார் வீட்டு மிக்ஸிக் கதை, ஒவ்வொரு ‘ஆகவே’யும். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மாணவி முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். பிறகு கன்னத்தில் கை வைத்தாள். பிறகு, வகுப்பில் மற்ற எல்லோரையும் போல, வாயை நன்றாகப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். சாரைப் பார்த்த பார்வையில் முழு ஆண்டுக்கான ஏளனமும் சேர்ந்திருந்தது.

அந்தப் பார்வையில் மயங்கி, மொழிபெயர்ப்பாளர் கையை ஒரு நொடி மடியில் போட்டாள். சாரின் வாய் அகலத் திறந்து, கீழுதடு பல்லைத் தொட்டது. ‘ஆகவே’ என்ற அந்த வாயசைவு மாணவிக்கு இதற்குள் பாடமாகியிருந்தது.

மேசைமேல் மாணவியின் இரண்டு விரல்கள் மெதுவாகப் பிரிந்தன. பிரிந்தபடியே, மூடாமல், காத்துக்கொண்டிருந்தன.