இரண்டு விரல் எண்ணெய்

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஆணிகளை எண்ணினேன். இருபத்து நான்கு துளை, இருபத்து மூன்று ஆணி. கல்கத்தாவிலிருந்து சேலம் ஜங்ஷன் வரைக்கும் எட்டு நாள் ரயிலில் வந்த பெட்டி. நடுவில் எவனோ பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி அடித்திருக்கிறான் என்று அப்போதே எனக்குப் பட்டது. மேனேஜர் கைலாசம், "ஒரு ஆணிக்கு என்னய்யா இவ்வளவு யோசனை? சாமான் இருக்கா பாரு" என்றார். இருந்தது. வைக்கோலுக்கும் இங்கிலீஷ் பேப்பர்களுக்கும் நடுவே, எங்கள் கஞ்சமலை பிக்சர்ஸ் வாங்கிய முதல் எலெக்ட்ரிக் கிடார் மல்லாந்து படுத்திருந்தது. யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி சாமான் ஏற்றத் தொடங்கியிருந்த வருஷம் அது, நாற்பத்தாறு. எங்கள் படத்தில் கதாநாயகி மேகத்தில் மிதந்தபடி பாட வேண்டுமாம். அந்த மேகத்துக்குத்தான் இந்தக் கிடார்.

"வெள்ளிக்கிழமை காலைல மெட்ராஸ்லேர்ந்து வாசிக்கிறவர் வந்துடுவார்" என்றார் மேனேஜர். "அதுக்குள்ள தயார் பண்ணி வை. இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா சனிக்கிழமை நீ ராசிபுரம் பஸ் ஏறிடலாம்."

ராசிபுரம் என் ஊர். அண்ணன்மார் காட்டில் ஏர் பிடித்தார்கள். நான் தச்சு வேலை பழகிக்கொண்டு, சினிமாவுக்கு செட் போடச் சேலம் வந்தவன். ஒரு நாள் ஆர்மோனியத்தின் கிழிந்த துருத்தியை ஒட்டிக் கொடுக்கப் போய், வாத்திய அறைக்கே பொறுப்பாக அமர்ந்துவிட்டேன். எதையும் நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பவன். அங்கம்மாள், என் சம்சாரம், "சட்டிக்குள்ள இருக்கற களியவும் எண்ணிப் பாத்துப்போட்டுத்தான் உக்காருவீங்க" என்பாள். எண்ணினால் என்ன தப்பு? செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு நிறுக்கிறவன் கட்டை விரலை நான் பார்த்துக்கொண்டே நிற்பதால்தான் எங்கள் வீட்டுக்குச் சரியான எடை வருகிறது.

அன்று திங்கட்கிழமை முழுக்கக் கிடாரோடுதான் உட்கார்ந்திருந்தேன். கழுத்து லேசாக வளைந்திருந்தது. கம்பிகள் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுகளிலிருந்து எழும்பி, விரல் வைத்தால் வெட்டும் உயரத்தில் நின்றன. பெட்டியில் இருந்த காகிதத்தை மேனேஜர் படித்துச் சொன்னார்: கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, அதைத் திருகினால் வளைவு நிமிரும். மரத்துக்குள் இரும்பு வைத்திருக்கிறார்கள் என்றால் செய்தவனே மரத்தை நம்பவில்லை என்று அர்த்தம். கால் திருகு திருகிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பிறகு இன்னொரு கால். கம்பிகளைத் தாங்கும் குதிரையை மயிரிழை மயிரிழையாக இறக்கினேன். மெட்டுகளின் ஓரங்களில் கை கிழிபடாமல் சின்ன அரத்தால் ராவினேன். கடைசியாகக் கம்பிகளைத் தளர்த்தி, மெட்டுப் பலகையை எடுத்துக்கொண்டேன். நல்ல ஈட்டி மரம், ஆனால் பயணத்தில் வெளுத்திருந்தது. கடல் நுரை என்கிற கணவாய் ஓட்டை மாவாக்கி, துணியில் தொட்டு, ஒவ்வொரு மெட்டுக்கும் நடுவே மரத்தின் ரேகை போகும் பக்கமாகவே தேய்த்தேன். சாயந்திரம் அது எண்ணெய் இல்லாமலே மங்கலாக மின்னியது. எண்ணெய் இதற்கு ஆகாது. புதுக் கம்பியில் எண்ணெய் பட்டால் அழுக்குப் பிடித்து நாதம் செத்துப்போகும்.

நடுவில் வயர்மேன் தீர்த்தகிரி சுவரில் பிளக் வைக்க வந்தான். தருமபுரிப் பக்கத்துப் பையன், வயது இருபத்தைந்துக்குள். தலையில் எண்ணெய் நெற்றிக்கு வழியும். வாயில் எப்போதும் சீட்டி. ஏணியிலிருந்து இறங்கியவன் கிடார் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பிகளுக்கு அடியில் இருந்த கறுப்புப் பட்டையையே பார்த்தான்.

"இதுதாண்ணே காந்தம். கம்பி அதிர்றத இது புடிச்சிக் கரண்டா அனுப்பும். ஸ்பீக்கர் பொட்டிதான் சத்தம் போடும். மரம் சும்மா ஒப்புக்குத்தாண்ணே."

"தொடாத" என்றேன்.

"தொடலண்ணே, பாக்குறேன்."

மரம் ஒப்புக்கு என்ற சொல் அன்று ராத்திரி சோறு இறங்கவிடவில்லை. அவன் சொல்வது நிஜமானால், நாளைக்கு இந்த அறையில் நான் எதற்கு? இதை அங்கம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. பயத்தை வாய்விட்டுச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பியபோது, மெட்டுப் பலகையில் எண்ணெய் இருந்தது. சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், சின்னச் சின்னத் திட்டு. முகர்ந்தேன். தேங்காயெண்ணெய். அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில். மற்றது மேனேஜர் அறை ஆணியில் தொங்கும், அதை எடுக்கிறவன் தீர்த்தகிரி ஒருவன்தான். ஆனால் மத்தியானத்தில் நான் அறையைப் பூட்டுவதில்லை. வீணை வாசிக்கும் சௌந்திரம்மா அந்த நேரம் உள்ளே உட்கார்ந்து சாதகம் செய்வார். ஏழு வருஷமாக அப்படித்தான். கணவர் போன பிறகு அந்த வீணையை வைத்தே பெண்ணை வளர்த்து, போன வருஷம் திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்தவர். அவர் உள்ளே இருந்தால் பூட்டு போட்ட மாதிரி.

"ஏனுங்க அம்மிணி, நானு ஊட்டுக்குப் போனப்ப ஆராச்சும் உள்ள வந்தாங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஆரும் வரலீங்களேண்ணா. ஏனுங்க?"

"சும்மாதானுங்க" என்றேன். எதைச் சந்தேகப்படுகிறேன் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் திருடன் உஷாராகிவிடுவான். அவர் கண்ணை மூடி வாசிக்கும்போது அந்தப் பயல் பூனை மாதிரி வந்து போயிருக்கிறான் என்று முடிவு செய்துகொண்டு, துடைத்து, மறுபடி கடல் நுரை போட்டுத் தேய்த்தேன்.

புதன்கிழமையும் எண்ணெய். நேற்றைவிட அதிகம், கம்பியிலும் பிசுபிசுப்பு. அன்று நான் நேரே மேனேஜரிடம் போனேன். அவர் தீர்த்தகிரியைக் கூப்பிட்டார். வந்து நின்றவன் தலையைப் பார்த்ததும் அவருக்கும் வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"நான் தொடலிங்க சார்" என்றான் தீர்த்தகிரி. "எண்ணெக் கையோட ஏணி ஏறுனா நான் ஊடு போய்ச் சேருவனா? தலைக்குத் தேச்சாலும் கைய மண்ணு போட்டுக் கழுவிட்டுத்தான் வருவேன். அண்ணனக் கேளுங்க, நான் கழுவறத டெய்லி பாப்பாரு."

பார்த்திருக்கிறேன். பின்பக்கத் தொட்டி ஓரம், செம்மண்ணைக் குழைத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுவான், சீட்டி அடித்துக்கொண்டே. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் விரித்திருந்த பச்சைத் துணியைப் பார்த்தேன். "விசாரிச்சு முடியற வரைக்கும் வராதே" என்று அவனை அனுப்பிவிட்டார். போகும்போது அவன் சீட்டி அடிக்கவில்லை. கேட் வரைக்கும் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கையில் எதையாவது எடுத்துப் போகிறானா என்று.

வியாழக்கிழமை மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். திரும்பி வந்து, பழக்கத்துக்குக் கிடாரைச் சாய்த்துப் பார்த்தேன். எண்ணெய்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது நாளாகப் பார்க்கிறேன், ஆனால் அன்றுதான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். அதுவரைக்கும் எண்ணெயைக் கண்டதும் ஆளைத் தேடப் போய்விட்டேன், எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. சும்மா தடவிப் பார்க்கிறவன் கை எல்லா இடத்திலும் பட்டிருக்கும். இது ஒரே ஒரு கம்பிக்கு அடியில் இருந்தது. ஐந்தாவது மெட்டிலிருந்து பன்னிரண்டாவது வரை, இரண்டு இரண்டு பொட்டாக, ஆட்காட்டி விரல் அகலத்தில் ஒன்று, நடுவிரல் அகலத்தில் ஒன்று. ஒரே கம்பியில் இரண்டே விரலை வைத்து மேலும் கீழும் ஓடியிருக்கிறார்கள். விரல் வழுக்கி ஓடுவதற்காகத் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

மாதம் ஒரு தடவை வீணையின் மெட்டுகளிலிருந்து இதே எண்ணெயை, இதே இரண்டு விரல் தடத்தை, நான் துணியால் துடைத்து எடுக்கிறேன். ஏழு வருஷமாகத் துடைக்கிறேன். அது என் கைக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. தெரியவில்லையா, தீர்த்தகிரியாக இருக்கட்டும் என்று நினைத்தேனா? அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

சௌந்திரம்மா அப்போது தொட்டிப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். நான் அலமாரிக்குப் பின்னால், மிருதங்கங்கள் அடுக்கியிருந்த இடத்தில் தள்ளி நின்றேன். ஒளிந்தேன் என்றே சொல்லலாம். அவர் வந்து, பாயில் உட்கார்ந்து, வீணையைத் தொடாமல், கிடாரைக் குழந்தையை எடுப்பதுபோல இரண்டு கையாலும் எடுத்து மடியில் படுக்க வைத்துக்கொண்டார். முந்தானையிலிருந்து சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்று வந்தது. இரண்டு விரலை அதில் தொட்டார். பிளக் மாட்டவில்லை. காதைக் கிடாரின் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, மேகத்தில் மிதக்கும் அந்தப் பாட்டை ஒற்றைக் கம்பியில் தேடினார். சில இடத்தில் கிடைத்தது. சில இடத்தில் மெட்டு தடுத்துவிட்டது, திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போனார்.

"எண்ணெ இதுக்கு ஆகாதுங்க அம்மிணி" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கிடாரைக் கீழே வைக்கவில்லை.

"எண்ணெ இல்லாம வெரலு ஓட மாட்டேங்குதுங்ணா. கம்பி அறுக்குதுங்க." விரல் நுனியைத் திருப்பிக் காட்டினார். "இந்தப் படத்தோட வீணைக்கு வேல இல்லைன்னு திங்கக்கெழமையே மேனேஜர் சொல்லிப்போட்டாருங்க. மெட்ராசுக்காரர் நாளைக்கு வந்து வாசிச்சுப்போட்டு ரெண்டு நாள்ல போயிருவாரு. அப்பறம் இத வாசிக்க ஒரு ஆளு வேணுமுல்லீங்க. அதுக்குள்ள நாம படிச்சுக்கிட்டா, நானே வாசிக்கறேன்னு கேக்கலாமேன்னுட்டு."

"தீர்த்தகிரிய வேலைக்கு வராதேன்னுட்டாங்க. தெரியுங்களா?"

"லீவுன்னு நெனச்சேன். ஏனுங்க?"

"இந்த எண்ணெக்குத்தானுங்க. நாந்தான் போயிச் சொன்னேன்."

அவர் கிடாரை மெதுவாகப் பாயில் வைத்துவிட்டு எழுந்தார். "நானே போயி மேனேஜர்கிட்டச் சொல்லிப்போடறேன்" என்றார். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாருக்கும் தெரியாமல் கம்பெனிச் சாமானை மூன்று நாள் எடுத்தவருக்கு, அந்தச் சாமானை வாசிக்கிற வேலையையா கொடுப்பார்கள்? இந்த மாதச் சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடும்.

"உக்காருங்க" என்றேன். என் குரல் அதட்டலாக வந்தது. நான் பயந்தால் அப்படித்தான் வரும். துணியை எடுத்து, விரல்களைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். சாமி படத்துக்கு அடியில் இருந்த திருநீற்றுத் தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "எண்ணெக்குப் பதிலா இதத் தொட்டுக்கோங்க. வெரலும் வழுக்கும், மரமும் கெடாது. கம்பிய ரொம்ப அழுத்தாதீங்க, குதிரைய நல்லா எறக்கித்தான் வெச்சிருக்கேன். அந்த ஏழாவது மெட்டுல கம்பிய இழுத்து எழுப்பறீங்க பாருங்க, இது வீணை அல்லீங்க, இழுத்தா வராது. தாண்டிப் போங்க."

"நீங்க எங்கீங்ணா போறீங்க?"

"வாரேன்" என்றேன்.

வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்தேன். பாயில் இருந்த பித்தளைக் கிண்ணத்தில் என் வலது கையின் இரண்டு விரலை அழுத்தித் தோய்த்தேன். சௌந்திரம்மா என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தைக் கடக்கும்போது ராசிபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன். அந்த அம்மாள் சொன்னது அத்தனையும் உண்மைதானா என்றும் ஒரு தடவை யோசித்தேன். என்ன செய்வது, புத்தி அப்படி.

மேனேஜர் ஒரு தாளை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார். டைப் அடித்த தாள். தலைகீழாக இருந்தாலும் தீர்த்தகிரியின் பெயரை என்னால் படிக்க முடிந்தது. கையெழுத்துப் போடும் இடம் இன்னும் காலியாக இருந்தது.

"என்ன சென்னியப்பா, கிடார் ரெடியா?"

"ரெடிங்க. அந்த எண்ணெ விசயமா வந்தேனுங்க."

"அதான் முடிஞ்சுபோச்சே. அவனை நிறுத்தியாச்சு."

"அவன் இல்லீங்க."

அவர் பேனாவை மூடாமலே நிமிர்ந்தார். "அப்புறம் யாரு?"

இத்தனை வருஷத்தில் அடுத்தவன் கையைப் பார்த்தே பழகியவன், என் கையை யாருக்கும் காட்டியதில்லை. வலது கையை நீட்டினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் அது மேஜையில் கிடந்த தாளின்மேலேயே போய் நின்றது. முற்றத்துக்கு அந்தப் பக்கம், காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு, கம்பி ஒன்று அந்தப் பாட்டின் முதல் அடியில் ஏழாவது மெட்டைத் தாண்டிப் போனது. மேனேஜருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலுக்கு அடியில் தீர்த்தகிரியின் பெயர்மேல் எண்ணெய் ஊறி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டங்களாகப் பரவி, மேஜைத் துணியின் பச்சை அதற்குள் தெரியத் தொடங்கியிருந்தது.