நாலு பேர் நின்ற ஆட்டம்

அந்தப் பெண்கள் கூடைப்பந்து அணி சம்பளத்துக்கு ஆடியது ஒரே ஒரு பருவம்தான். மொத்தம் பதினாலு ஆட்டங்கள். அதன் தலைவியை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தவள், அணிக்காக ஒரு வருஷம் விடுப்புப் போட்டிருந்தாள்.

பதிமூன்று ஆட்டங்களில் நாலு வெற்றி. கடைசி ஆட்டத்தன்று காலை, மேலாளர் உடைமாற்றும் அறைக்கு வந்து நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். அணியின் முதலாளி கைகழுவிவிட்டார், நாளையிலிருந்து அணி கிடையாது.

"இன்னைக்கு ஆடணும்னு கட்டாயமில்லம்மா. வரலைன்னு எழுதிக் குடுத்துடலாம்."

ஏணி ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டாள்: "நாளைக்குத்தானே சார் டீம் இல்ல? இன்னைக்கு இருக்கில்ல?"

மூன்று பேர் மதிய ரயிலுக்குக் கிளம்பினார்கள், அவள் தடுக்கவில்லை. இன்னொருத்திக்குக் கணுக்கால் வீக்கம். மிச்சம் ஆறு பேர். எதிரணியோ பட்டியலில் முதலிடம். அறிவிப்பாளரும் வராததால், பார்க்க வந்திருந்த ஏணியின் அண்ணன் இறங்கிவந்து மைக்கைப் பிடித்தான். அவனும் அச்சகத்துக்காரன், இயந்திர இரைச்சலில் கத்திப் பழகிய தொண்டை.

"எதிரணிக்கு ரெண்டு பாயிண்ட்," என்பான். சற்று நிறுத்தி, "போகட்டும், பாவம்."

நடுவர் முறைத்தார். அரங்கம் சிரித்தது.

ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் ஏணியின் அணிக்கு எட்டுப் புள்ளி முன்னிலை. அப்போது பார்த்து ஐந்தாவது ஃபவுல் வாங்கி ஒருத்தி வெளியேறினாள், அடுத்த நிமிடமே இன்னொருத்தி. களத்தில் நாலே பேர். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. கால்கள்தான் ஒத்துழைக்க வேண்டும்.

"ஆளைத் துரத்தாதீங்கடி. கூடையைச் சுத்தி நில்லுங்க. தூரத்துலேருந்து வேணா போட்டுக்கட்டும்," என்றாள் ஏணி.

போட்டார்கள். இரண்டு உள்ளே போனது, தூரத்திலிருந்து போட்டதால் ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி. மற்றதெல்லாம் வளையத்தில் பட்டு ஏணியின் கைக்கு வந்தது. எட்டு, இரண்டாகக் குறைந்தது. கடைசி இருபது விநாடி நாலு பேரும் பந்தை ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிக் கொடுத்து, எதிரணியின் விரல் படாமல் காப்பாற்றினார்கள். மணி அடித்தது.

குளிக்கும்போது ஏணி கொஞ்சம் அழுதாள். வெளியே வந்தபோது நன்றாகப் பசித்தது.

திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போனாள்.

"லீவு இன்னும் நாலு மாசம் இருக்கேம்மா?" என்றார் மேற்பார்வையாளர்.

"டீமை மூடிட்டாங்க சார்."

"அடடா, எல்லாம் வீணாப் போச்சே."

"வீணா? நாலு பேரா நின்னு ஜெயிச்சோம் சார். உக்காருங்க, சொல்றேன்."

அவர் உட்கார்ந்தார். அன்றைக்கு வெட்டும் இயந்திரம் அரைமணி நேரம் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கியது.