ஒன்பது எண்ணும் வரை

ஒரு காலத்தில் அவர் நாடக இயக்குநர். இப்போது பல்கலைக்கழகக் கலைப்பிரிவின் தலைவர். அரங்கம் கேட்டு வரும் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. விண்ணப்பம் இல்லாமல் அவரைத் தேடி வந்தவர் என்று ஒருவரைச் சொல்ல முடியாது. மாணவர்கள் வைத்த பெயர் 'கையெழுத்து சார்'. காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

அன்று மதியம் அவருடைய பழைய நாடகத்தையே மாணவர்கள் போட்டார்கள். ஒத்திகைக்கு யாரும் கூப்பிடவில்லை. 'நிர்வாகம்' என்று சீட்டு ஒட்டிய முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

மூன்றாம் காட்சியில் அம்மாவாக நடித்த பெண், "நீ வரமாட்டேன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்: "இருந்தாலும் தாழ்ப்பாள் போடல."

அரங்கமே திரும்பிப் பார்த்தது.

நாடகம் முடிந்ததும், அதை இயக்கிய மாணவி வந்தாள். "சார், அவ வசனத்தை மறக்கல. அங்க மனசுக்குள்ள ஒன்பது எண்ணிட்டுப் பேசச் சொன்னது நான்தான்."

அவர் அசடு வழிந்தார். "என் நாடகத்துல அந்த இடத்துல இடைவெளியே கிடையாதும்மா."

"தெரியும் சார். அதான் வச்சேன்."

அறைக்குத் திரும்பிக் கதவை வெறுமனே சாத்தினார். எதிரே இருந்த காலி நாற்காலியிடம், "நீ வரமாட்டேன்னு தெரியும்" என்றார். ஒன்பது வரை எண்ணினார். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்து தொலைத்தது. பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டே போனார். அடுத்த வரியை எடுத்துக் கொடுக்க ஆளில்லை.