பெட்டிக்கும் ஒருநாள் ஓய்வு

"அண்ணா, இந்தப் பொட்டிய ஆஃப் பண்ணிட்டா உள்ள பேசிக்கினு கீறவங்கல்லாம் எங்க போவாங்க?" என்று ஜூலி ஒருநாள் கேட்டாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை.

"எங்கயும் போவ மாட்டாவ. கதவு தொறக்கிற வரைக்கும் வெளிய நிப்பாவ" என்றான் அருள்பாண்டி.

பென்னலூரில் ஜூலியின் அப்பா செல்வநாதனுடைய மாடி அறையில் அருள்பாண்டியோடு தங்கமாரியும் ஆறுமுகநயினாரும் குடியிருந்தார்கள். மூவரும் தென்பக்கத்துக்காரர்கள், ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் ஒப்பந்த வேலை. முன்பு லைன் ஆட்களின் போன் குழுவில் சூப்பர்வைசர் நரசிம்மன் 'ரோஜா' என்ற பெயரில் நுழைந்து, கேன்டீன் சாம்பாரைத் திட்டியவர்களை எல்லாம் கண்டுபிடித்துவிட்டார். ரோஜாவுக்குத் தினமும் காலை வணக்கம் சொல்லிவந்த தங்கமாரி ஒரு வாரம் தலைநிமிரவில்லை. அதன்பிறகுதான் அருள்பாண்டி ஒரு பழைய கம்ப்யூட்டரை மாடிப்படிக்குக் கீழே வைத்து, லைன் ஆட்களுக்கென்றே தனியாக ஒரு குழுவை அமைத்தான். பேச்செல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகும், அதற்குள்ளேயே பதிந்திருக்கும். ஷிப்டு மாற்றிக்கொள்வதும் அதில்தான்.

ஆயுதபூஜை விடுமுறைக்கு மறுநாள் தங்கமாரியின் தங்கை பாண்டிச்செல்விக்குக் கோவில்பட்டியில் நிச்சயதார்த்தம். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஏற்கெனவே சொல்லாமல் லீவு போட்டவன். இனி ஒருமுறை போட்டால் வேலை போய்விடும். பதிலுக்கு ஆள் போனால் பிழைத்தான். பூஜையன்று ராத்திரி ஊருக்குப் பஸ் ஏறியதும், "நாளைக்கு என் காலை ஷிப்டை யாராவது பாருங்க" என்று குழுவில் போட்டுவிட்டு, யாராவது போவார்கள் என்ற நம்பிக்கையில் தூங்கிப்போனான்.

அருள்பாண்டியும் ஊரில் இல்லை. ஆறுமுகநயினார் மூவரில் மூத்தவர், பக்திமான். தங்கமாரி செய்தி போடுவதற்குச் சற்று முன்புதான் அவர் பெட்டியை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் பொரி படைத்திருந்தார்.

செல்வநாதன் எட்டிப்பார்த்தார். "இன்னாப்பா நயினாரு, இதுக்குமா பூஜை?"

"இன்னைக்கு எல்லா மெஷினுக்கும் ஓய்வுல்லா அண்ணாச்சி. இதும் ராப்பகலா ஒழைக்கு, பாவம்."

"எங்க மாதா கோயில் மணிக்கே ஞாயித்துக்கெழம லீவு கெடையாது. குடுத்து வச்ச பொட்டிப்பா!"

விடிந்ததும் குளித்து, சூடம் காட்டிப் பெட்டியை எழுப்பினார். காத்து நின்ற செய்திகள் எல்லாம் போனுக்குள் பொலபொலவென்று வந்து விழுந்தன. வாழ்த்துகளுக்கு நடுவே தங்கமாரியின் செய்தி. கம்பெனி பஸ் வரும் நேரம். இனி யாரைத் தேடுவது? அவருடைய ஷிப்டு மாலையில்தான்.

"முருகா, ஒம்ம பேரச் சொல்லி நான் பண்ணுன காரியத்தப் பாத்தீரா!" என்றபடி, "நான் பாக்கேன்" என்று குழுவில் போட்டுவிட்டு ஈரத்தலையோடு ஓடினார்.

கம்பெனி வாசலில் நரசிம்மன் மறித்தார். "இன்னாய்யா, உன் ஷிப்டு சாயங்காலந்தானே?"

"அதுக்கும் வருவேன் சார்."

"கம்பெனிக்கே குடித்தனம் வந்துட்டியா?"

ஆறுமுகநயினார் இரண்டு ஷிப்டும் நின்றார்.

இனிப்போடு திரும்பிய தங்கமாரியிடம், "ஏலே, பெட்டிய அமத்துனது நாந்தாம். அதுக்குத்தான் போனேன். நீ எனக்கு ஒண்ணும் செய்யாண்டாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அருள்பாண்டி பெட்டியின்மேல் 'பக்தர்கள் தொடக்கூடாது' என்று எழுதி ஒட்டினான்.

அந்த வாரம் அறையின் குளியலறையைக் கழுவும் முறை ஆறுமுகநயினாருடையது. நின்று நின்று அவருக்குக் கால் வீங்கியிருந்தது. மற்ற இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், தங்கமாரி கைலியை மடித்துக் கட்டி, பினாயில் ஊற்றி மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினான். துடைப்பத்தை இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தான். குழுவில் அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை.