பழத்தோடு வைக்காதே

ஹாஜரா வீட்டு பிரிட்ஜுக்குள் பூக்கிழங்கு குடிவந்த கதை ரங்கூன் தாகேதாவில் அந்தத் தெருவுக்கே தெரியும். அது ஏன் பூக்காமல் போனது என்பது மட்டும் தனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று ஹாஜரா நினைத்துக்கொண்டிருந்தாள்.

கிழங்கு எதிர்வீட்டு ரத்தினம்மாளுடையது. அவள் மகன் தனசேகரன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன். இரண்டாயிரமாம் ஆண்டு அக்டோபரில் விடுப்பில் வந்தபோது, ஹாலந்திலிருந்து பன்னிரண்டு துலிப் கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். பார்க்க வெங்காயம் மாதிரிதான் இருந்தது. அந்த ஊரில் குளிருக்கு முன்னால் வீட்டுத் தோட்டத்தில் புதைத்துவிட்டு மறந்துவிடுவார்களாம். மேலே முழங்கால் அளவு பனி கிடந்தாலும் சாகாதாம். பனி உருகினதும் தானாகக் கிளம்பி, கிண்ணம் கிண்ணமாகப் பூக்குமாம். ரங்கூனில் பனிக்கு எங்கே போவது? அதற்கும் தனசேகரன் வழி சொன்னான். பன்னிரண்டு வாரம் பிரிட்ஜில் வைத்தால் போதும், ஒரு குளிர்காலம் வந்து போய்விட்டதென்று கிழங்கு நம்பிவிடும். பூத்ததும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுக் கப்பலேறினான்.

அம்மாவுக்குச் சேலை வாங்கி வராமல் கிழங்கு வாங்கி வந்தானே என்று யாரும் கேட்கவில்லை. ரத்தினம்மாளை அறிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அவள் கை பட்டால் பட்ட குச்சியும் துளிர்க்கும் என்பது தெருவின் நம்பிக்கை. யார் புதுவீடு குடிபோனாலும் வாசலில் முதல் மல்லிகைக் கன்றை நட அவளைத்தான் அழைப்பார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு, பர்மாக்காரர் வீடு என்ற பேதமே கிடையாது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துப்போய், நட்டு முடித்ததும் புதுத்துணி கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். புருஷன் அப்பாசாமியின் ரயில்வே பென்ஷன் அவளுக்குச் சோறு போட்டது என்றால், மரியாதை போட்டது அந்தக் கைராசிதான்.

அவள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ஹாஜரா வீட்டில் இருந்தது. ஹாஜராவின் புருஷன் இக்பால் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தான்.

"ஹாஜரா, இத ஒன் பிரிட்ஜில வெச்சுக்கம்மா. ஜனவரி பாதியில வந்து வாங்கிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு, பழத்தோட மட்டும் வைக்காதே. பக்கத்துல பழம் இருந்தா உள்ள இருக்கிற பூ செத்துப்போகுமாம். சேகரு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"சரிக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள் ஹாஜரா. மனசுக்குள் சிரிப்பாக வந்தது. பழத்துக்கும் பூவுக்கும் என்ன பகை? பூவிலிருந்துதானே பழமே வருகிறது? கப்பல்காரன் எதையாவது கேட்டுவிட்டு வந்து கதை விடுகிறான் என்று நினைத்தாள்.

சிரித்தாளே தவிர, கிழங்கை அவள் அலட்சியமாக வைத்திருந்தாள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அப்போதெல்லாம் கரண்ட் ஒருநாள் வந்தால் ஒருநாள் வராது. வராத நாளில் ஐஸ் கடைக்கு நடந்து, உமி ஒட்டிய ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி வாங்கி வந்து பிரிட்ஜுக்குள் வைப்பாள். "மீ லா பீ!" என்று கரண்ட் வந்த சந்தோஷத்தில் தெருவே கூவும்போது, மற்றவர்கள் டிவியைப் போட ஓடுவார்கள். இவள் பிரிட்ஜைத் திறந்து கிழங்குப் பையைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு மாதம் அப்படித்தான் போனது.

நவம்பர் கடைசியில் நோன்பு பிறந்தது. இக்பாலுக்குச் சரக்கு அனுப்புகிற முசே வியாபாரி, அந்த ஊர் எல்லை தாண்டி வந்த சீன ஆப்பிள் ஒரு பெட்டி அனுப்பிவைத்தார். நோன்பு திறக்கத் தினமும் ஆள் வருகிற வீடு. வெளியே வைத்தால் நாலு நாளில் கெட்டுவிடும். "பிரிட்ஜில அடுக்கிடு" என்று சொல்லிவிட்டு இக்பால் கடைக்குப் போய்விட்டான்.

ஹாஜரா பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கிழங்கை எங்கே கொண்டுபோய் வைப்பது? பக்கத்து பர்மாக்காரர் வீட்டு பிரிட்ஜில் கேட்டு வைக்கலாம், கூச்சமாக இருந்தது. ஆப்பிளில் பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடலாம், இக்பால் கேட்டால் பதில் சொல்லவேண்டும். கடைசியில் பையைக் கீழே காய்கறி டிராயருக்குள் தள்ளிவிட்டு, மேல்தட்டு இரண்டிலும் ஆப்பிளை அடுக்கினாள். நடுவில்தான் கண்ணாடித் தட்டு இருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்ல ஆள் வேண்டுமா, நம் மனசைப் போல் வக்கீல் உண்டா?

பத்தாம் நோன்பன்று சாயங்காலம் ரத்தினம்மாள் வந்தாள். கஞ்சிக்குப் போடத் தன் தோட்டத்துப் புதினா ஒரு கட்டு கொண்டுவந்திருந்தாள். வருஷா வருஷம் கொண்டுவருவாள்.

"கெழங்கு எப்படிம்மா இருக்கு? பழம் கிழம் ஒண்ணும் பக்கத்துல வைக்கலியே?"

"இல்லக்கா. தனியாத்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஹாஜராவுக்கு உறைத்தது. பிரிட்ஜ் பத்தடி தூரத்தில் இருந்தது. அதற்குள் ஆப்பிள் இருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்காத நோன்பு வாயில் அந்தப் பொய் எப்படித்தான் வழுக்கிக்கொண்டு வந்ததோ. உடம்பெல்லாம் கூசியது. நோன்பு என்றால் சோற்றை மட்டும் விலக்குவதா?

அந்த நிமிஷமே ஆப்பிளை வெளியே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால் சொன்னது பொய் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆப்பிள் பெருநாள்வரை அங்கேயே இருந்தது.

ஜனவரி பாதியில் ரத்தினம்மாள் பையை வாங்கிக்கொண்டு போனாள். வாங்கும்போது பையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். எண்ணெய் டின்களைப் பாதியாக வெட்டி மண் நிரப்பி, தண்ணீர்ப் பீப்பாய் ஓரத்து நிழலில் நட்டாள். வெயில் ஏறுவதற்கு முன் நனைப்பாள், மத்தியானத்தில் ஈரச்சாக்குப் போட்டு மூடுவாள். பிப்ரவரியில் பன்னிரண்டும் முளைத்தன. இலை நன்றாகத்தான் வந்தது, அகலமாக, சாம்பல் பூத்த பச்சையில். தெருவே வேலியோரம் நின்று பார்த்தது. பர்மாக்காரப் பெண்கள் தன்லியின் ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளைக்கூடக் கூட்டிவந்து காட்டினார்கள். தினமும் எதிர்வாசலில் நின்று ஹாஜராவும் பார்த்தாள். யா அல்லா, ஒன்றாவது பூக்கட்டும், ஒன்றே ஒன்று பூத்தால்கூடப் போதும் என்று துஆ கேட்டாள்.

ஒன்றும் பூக்கவில்லை. ரத்தினம்மாள் ஒருநாள் இலைகளை விலக்கிப் பார்த்தாள். மொட்டு இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் வெங்காயச் சருகு போல ஒன்று காய்ந்து கிடந்தது. பன்னிரண்டிலும் அதேதான்.

ஊர் வாய்க்கு இது போதாதா? குழாயடியில் சைதாதான் ஆரம்பித்தாள். சைதா, பீர் முகைதீன் பெண்சாதி. அடுத்த சந்தில் புதுவீடு கட்டி முடிக்கிற நேரம் அவளுக்கு.

"ரத்தினக்கா கைராசி போயிடிச்சு போல. பன்னெண்டு நட்டு ஒண்ணுகூடப் பூக்கலன்னா பாரேன். என்ன ஹாஜரா, நீ என்ன சொல்றே?"

ஹாஜரா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்துக்காக அவள் பிறகு எத்தனையோ முறை தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். பேசாமலாவது இருந்திருக்கலாம்.

மார்ச் மாதம் சைதா வீடு குடிபோனாள். மல்லிகை நடத் தட்டு எடுத்துக்கொண்டு பெண்கள் தெருவோடு வந்தார்கள். ரத்தினம்மாள் குளித்து, தலை முடிந்து, பொட்டு வைத்து வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். தட்டு அவள் வாசலைத் தாண்டிப் போய், தெருக்கோடியில் வேறொருத்தியை அழைத்துக்கொண்டு திரும்பியது. அவர்கள் திரும்பி வரும்போது ரத்தினம்மாள் குனிந்து, காய்ந்த துலிப் டின்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். செத்த செடிக்கு யாராவது தண்ணீர் விடுவார்களா? முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்தான் விட்டாள். எதிர்வாசலில் நின்ற ஹாஜராவுக்கு அது தெரிந்தது. 

தட்டு சந்து திரும்பியதும் ஹாஜரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்தாள். பத்து எட்டு தூரம். அவளுக்கு டாலா படகேறி ஆற்றுக்கு அக்கரைக்குப் போகிற தூரமாக இருந்தது.

"அக்கா, நான் ஆப்பிள் வெச்சேன். அந்த நோன்புல. கீழ டிராயர்ல கெழங்கு, மேல ஆப்பிள். நீங்க வந்து கேட்டப்ப இல்லேன்னு பொய் சொன்னேன்." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு அழுதாள்.

ரத்தினம்மாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"பையை வாங்குனப்பவே தெரியும். காகிதம் முழுக்க ஆப்பிள் வாசம். கெழங்கு எந்த ஊர்லம்மா ஆப்பிளா மணக்குது?"

"ஏங்க்கா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"ஒருவாட்டிதான் கேட்டேனே. இன்னொருவாட்டி கேட்டா இன்னொரு பொய் சொல்லுவே. ஒனக்கா சொல்ல வாய் வரட்டும்னு இருந்தேன்." ரத்தினம்மாளின் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. "ரெண்டு மாசம், ஹாஜரா. இப்போ தெருவே என் கையைப் பேசுது. இன்னிக்கு வருவே, நாளைக்கு வருவேன்னு ஒன் வாசலையே பாத்துட்டு இருந்தேன். சேகரு போட்டோ கேட்டு எழுதியிருக்கான். கெழங்கு அழுகிப்போச்சுன்னு நானும் ஒரு பொய் எழுதிப்போட்டேன்."

ஹாஜரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மண் ஒட்டிய, காய்ப்பேறிய கை. "மன்னிச்சிடுங்கக்கா."

"என்கிட்ட சொல்லி என்ன? தெரிஞ்சவகிட்டயே வந்து சொல்றே." கையை விடுவித்துக்கொள்ளாமலே ரத்தினம்மாள் கேட்டாள். "சைதாகிட்ட எப்போ சொல்லப்போறே?"

ஹாஜராவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரே ஒருத்தியிடம் அழுதுவிட்டால் பாவம் கழுவிப்போய்விடும் என்று நினைத்து வந்திருந்தாள். கழுவவேண்டிய இடம் குழாயடி என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலையில் குடத்தோடு போனாள். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சைதா முதல் ஆளாக, புதுவீட்டுப் பெருமையோடு நின்றாள். ஹாஜரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிஸ்மி சொல்லிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சைதா, எல்லாரும் கேளுங்க. ரத்தினக்கா கைராசிக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பூவைக் கொன்னது நான். பழத்தோட வைக்காதேன்னு அக்கா சொல்லியும் பிரிட்ஜில ஆப்பிளோட வெச்சேன். வைக்கலேன்னு நோன்பு வாயோட பொய்யும் சொன்னேன்."

 சைதா சிரித்தாள்.

"ஆப்பிளா? ஆப்பிள் பக்கத்துல இருந்தா பூ சாகுமா? யாரு காதுல பூ சுத்தறே?" என்றவள், திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "பாத்தீங்களாடி, நேத்து தட்டு தாண்டிப் போயிடிச்சுன்னு ரத்தினக்கா மனசு நொந்திருப்பாங்கல்ல. அதுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்குது இது. எதிர்வீட்டுக்காரின்னா இப்படி இருக்கணும். நமக்கெல்லாம் வருமா இந்த மனசு?"

"வராதுதான்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி ஹாஜராவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன்! சத்தியமா!" ஹாஜரா கத்தினாள். கத்தக் கத்த அவள் நல்லவளாகிக்கொண்டே போனாள். வரிசையில் முன்னால் விட்டார்கள். சைதாவே குடத்தை வாங்கித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். பொய் சொன்னபோதுகூட இவ்வளவு கூசவில்லை. அந்தப் பழப் பேச்சை முதலில் நம்ப மறுத்ததே ஹாஜராதானே. பூவுக்கும் பழத்துக்கும் என்ன பகை என்று சிரித்த அதே சிரிப்பு, இப்போது ஏழெட்டு வாயிலிருந்து அவளுக்கே திரும்பி வந்தது.

நிறைகுடத்தோடு திரும்பியவளை ரத்தினம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன்க்கா. யாரும் நம்பல. நான் ரொம்ப நல்லவளாம்." அதைச் சொல்லும்போது ஹாஜராவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

ரத்தினம்மாள் சிரிக்கவில்லை. செத்த துலிப் டின் ஒன்றைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்ப நாளைக்கும் போய்ச் சொல்லு. நம்புற வரைக்கும் சொல்லு."

மறுநாளும் ஹாஜரா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.