கலியனின் தலைவலி

சவரிராஜ் அன்று காலையிலிருந்து கலியனாக இருந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஓயாத தலைவலி. அப்படி ஓர் ஆள் உலகத்தில் எங்கும் கிடையாது. குடும்ப மருத்துவம் பயிலும் இளம் டாக்டர்கள் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்கும் தேர்வுக்காக டாக்டர் காந்திமதி கற்பனை செய்த ஆள் அவன். மாதா கோயிலில் வருஷா வருஷம் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் வேடம் கட்டுகிறவர் என்று யாரோ சொல்ல, சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சவரிராஜைப் பிடித்து வந்திருந்தார்கள்.

கலியனுக்குள் ஒரு துக்கம் ஒளிந்திருந்தது. மனைவி இறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அன்று போன தூக்கம் திரும்பவில்லை, தலைவலி அதனால்தான். ஆனால் அதை அவனாகச் சொல்லக்கூடாது. போகிற போக்கில் "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டால் "சௌக்கியம்" என்று சொல்லிவிட வேண்டும். அக்கறையோடு துருவிக் கேட்டால் மட்டும் சொல்லலாம்.

"வாய் தவறி உளறிடாதீங்க ஐயா," என்றார் காந்திமதி.

"நான் வசனத்த மறந்ததே இல்லீங்கம்மா. வேணும்னா ரெண்டு வசனம் கூடப் பேசுவேன்."

"ஐயோ, அது வேணவே வேணாம்."

முதலில் வந்த பிரவின்குமார் கணீரென்று பேசினான். ரத்த அழுத்தம் பார்த்தான், கண் பரிசோதனைக்குப் போகச் சொன்னான், "டென்ஷன் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். "இல்லீங்க" என்றார் கலியன். மாத்திரை எழுதிவிட்டுப் போய்விட்டான்.

"அடுத்தது ஆசிஃபா," என்று காந்திமதி பெருமூச்சு விட்டார். "போன தடவை ஃபெயில். நல்லா படிச்ச பொண்ணுதான், ஆனா குரலே வெளியில வராது. இந்தத் தடவையும் போச்சுன்னா மேல அனுப்ப மாட்டாங்க."

கதவு திறந்தது தெரிந்தது, மூடியது தெரியவில்லை. தாழ்ப்பாளைக் கையால் பிடித்து, சத்தமில்லாமல் சாத்தியிருந்தாள் ஆசிஃபா. நாற்காலியைக்கூட இழுக்காமல், தூக்கி நகர்த்தி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள். சவரிராஜ் முன்னால் சாய வேண்டியிருந்தது. மூலையில் காந்திமதியும் காதைத் தீட்டிக்கொள்வது தெரிந்தது. ஐயோ பாவம் என்றிருந்தது சவரிராஜுக்கு.

"எந்த ஷிப்ட்டுங்க?"

"நைட்டுங்க."

"அப்ப பகல்லதான் தூங்கணும்."

"ஆமாங்க. படுத்துக்கினுதான் இருக்கேன். தூக்கந்தான் வரல."

அவள் பேனாவை மேசைமேல் வைத்தாள். அதுவும் சத்தமில்லாமல்.

"நீங்க தூங்கறப்ப வூட்ல சத்தம் வராம யாருங்க பாத்துக்கறாங்க?"

இந்தக் கேள்விக்கு வசனம் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. சவரிராஜ் வாயைத் திறந்தார். யார் பேசினார்கள் என்று அவருக்கே தெரியவில்லை.

"எங்க வூட்டுக்காரம்மா பாத்துக்கினு இருந்தாங்க. போயிட்டாங்க. குக்கர் பக்கத்துலயே நின்னுகினு இருப்பாங்க. விசில் வரப் போவுதுன்னா அடுப்ப அணைச்சிடுவாங்க. கொடத்துல தண்ணி புடிச்சா உள்ள ஒரு துணியத் தொங்க வுட்டு அது மேல வுழ வுடுவாங்க, சத்தம் கேக்கக் கூடாதுன்னு. இப்ப வூடு தானாவே அமைதியாத்தாங்க இருக்குது."

அந்தச் சின்ன அறைக்குள் ஒரு வீடு எழுந்து நின்றது. இல்லாத ஒருவனின் வீடு. இல்லாத ஒருத்தி வெறுங்காலோடு நடமாடிய அடுப்படி. மூன்று பேரும் அதைக் கலைத்துவிடுவோமோ என்று பயந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்க பேர் என்னங்க?" என்றாள் ஆசிஃபா. காற்றைப் போலிருந்தது அந்தக் குரல்.

"ஆரோக்கியம்மாள்," என்றார்.

சொன்ன பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. கலியனின் மனைவிக்குக் காந்திமதி பெயரே வைக்கவில்லை. அவருடைய சொந்த மனைவி ஆரோக்கியம்மாள் முத்தாண்டிக்குப்பத்து வீட்டில் இந்நேரம் உலை வைத்துக்கொண்டிருப்பாள்.

மணி அடித்தது. காந்திமதி எழுந்து வந்தார். அவர் குரலும் தானாகத் தணிந்திருந்தது.

"அந்தக் கேள்வியை எங்கம்மா புடிச்ச?"

"எங்க அத்தாவும் சுரங்கத்துல நைட் ஷிப்ட்டுங்க மேடம். அவர் தூங்கணுமேன்னு பகல்ல குவார்ட்டர்ஸ்ல நாங்க யாரும் வாய் தொறந்து பேச மாட்டோம். அந்தப் பழக்கம் என்னை இன்னும் விடல. மன்னிச்சிடுங்க."

"எதுக்கு மன்னிப்பு? சத்தமாப் பேசுன்னு போன தடவை சொன்னேன் இல்ல, அதை மறந்துடு. நீ பாஸ்."

ஆசிஃபா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்கும் சத்தமில்லை.

சவரிராஜ் வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார். ஆரோக்கியம்மாள் முதுகைக் காட்டியபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். குக்கர் லேசாகச் சீறத் தொடங்கியது. திரும்பிப் பார்க்காமலே அவள் கை நீண்டு அடுப்பை அணைத்தது.

"இப்பத்தான் ஷிப்ட்டே இல்லியே. இன்னும் எதுக்கு அணைக்கிற?"

"எத?" என்று கேட்டுத் திரும்பியவள் குக்கரைப் பார்த்துச் சிரித்தாள். "அட, கை தானா போவுது. ஆமா, நீ ஏன் பூசையில நிக்கிற மாதிரி நின்னுகினு இருக்க?"

வசனம் மறக்காத சவரிராஜ் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி, மீதிக் காயை நறுக்கத் தொடங்கினார்.